1500 படிகளில் பணக்காரர் ஆவது எப்படி

வாழ்த்துகள்! தங்கம் எடுக்கப் போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். இனி தோற்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதைப் பிசகில்லாமல் செய்து முடிக்கத்தான் இந்த வழிகாட்டி. எழுதுகிறவன் அந்தப் பக்கமே போகாதவன் என்று தயங்க வேண்டாம். 1897-இல் கனடாவின் கிளாண்டைக் தங்கவேட்டைக்குக் கையேடு எழுதித் தள்ளியவர்களில் பலர் அந்த ஊரை வரைபடத்தில்தான் பார்த்திருந்தார்கள். கையேடுகள் நன்றாகவே விற்றன.

பயிற்சிக்கு வசதியாக உங்களை ஓர் அயர்லாந்துக்காரராக ஆக்கிக்கொள்கிறேன். கூடவே நிஜ ஆள் ஒருவரும் வருவார்: மிக்கி மக் கவன். 1865-இல் டோனிகால் மாவட்டத்தில் பிறந்தவர், ஐரிஷ் பேசி வளர்ந்தவர். முடிந்தவரை அவர் பின்னாலேயே நடங்கள். அவர் புத்தியோடு நடந்துகொள்ளும் இடம் வந்தால் நான் கை காட்டுகிறேன், ஒதுங்கிக்கொள்ளலாம்.

படி 1: ஏழையாகத் தொடங்குங்கள்

இது சுலபம். 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, அடுத்த சில வருஷங்களில் பத்து லட்சம் பேர் செத்து, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கப்பலேறிய நாடு உங்களுடையது. அப்பாவிடம் இருப்பது கல்லும் சேறுமான குத்தகைத் துண்டு. பத்து வயதுகூட ஆகாத பையனாக லெட்டர்கென்னி ஊர்க் கூலிச் சந்தையில் போய் நில்லுங்கள். மிக்கி நின்றார். பண்ணைக்காரர்கள் மாடு பிடிப்பது போல ஆள் பிடிப்பார்கள். ஆறு மாத வேலை முடிந்த பிறகுதான் கூலி. பிறகு ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டப் போங்கள். மண்ணைத் தோண்டுவது, கிடைப்பதை அடுத்தவரிடம் கொடுப்பது, குனிந்தே இருப்பது: மூன்று பாடமும் பின்னால் உதவும்.

அமெரிக்காவுக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி வீட்டில் விருந்து வைப்பார்கள். ஆட்டம் இருக்கும், பாட்டு இருக்கும், விடியற்காலையில் ஒப்பாரியும் இருக்கும். ‘அமெரிக்கத் துக்கம்’ என்றே அதற்குப் பெயர். செத்தவருக்கு விழித்திருப்பது போலவே போகிறவருக்கும் விழித்திருப்பார்கள், ஏனென்றால் இருவரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் மட்டும் வந்துவிடுவதாகச் சத்தியம் செய்யுங்கள். எல்லாரும் செய்கிறார்கள்.

படி 2: இருக்கிற வேலையை விடுங்கள்

மான்டானாவில் பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்தில் உங்களுக்கு நாளுக்கு மூன்றரை டாலர். ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும் இடம். அங்கே பெரிய சுரங்க முதலாளியே ஓர் அயர்லாந்துக்காரர், கேவன் மாவட்டத்து மார்க்கஸ் டேலி. பூசைக்குக் கோயில் உண்டு, சண்டைக்குச் சாராயக்கடை உண்டு. இப்படி ஒரு வேலையை விட்டால்தான் அதற்குப் பெயர் துணிச்சல்.

உங்களுக்கு மட்டும்தான் பைத்தியமா என்று மனம் கேட்டால், சியாட்டில் மேயர் டபிள்யூ.டி. வுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாண்டைக்கில் தங்கம் என்ற சேதி வந்தபோது அவர் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தார். ராஜினாமாவைத் தந்தியில் அனுப்பிவிட்டு அங்கிருந்தபடியே கிளம்பிவிட்டார். ஒரு நகரத்தின் மேயரே போகிறார் என்றால், யோசிக்க வேண்டியதை அவர் யோசித்திருப்பார் அல்லவா? இந்த ஒரு வாதத்தை வைத்து நீங்கள் இதுவரை எத்தனை காரியம் செய்திருக்கிறீர்கள்!

படி 3: பந்திக்குப் பிந்துங்கள்

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான். நிதானமாகக் கேளுங்கள்.

1896 ஆகஸ்டில் கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றில் சேரும் ஓர் ஓடையில், ஜார்ஜ் கார்மாக்கும் அவர் மனைவி வழிச் சொந்தங்களான ஸ்கூக்கும் ஜிம், டாசன் சார்லி இருவரும் தங்கம் கண்டார்கள். முயல் ஓடை என்ற பெயர் பொனான்சா ஓடை ஆனது. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து முளை அடித்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பொனான்சாவிலும், அதைவிடப் பணக்கார ஓடையான எல்டொராடோவிலும், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு துண்டு நிலம் மிச்சமில்லை.

வெளி உலகத்துக்குச் சேதி எப்போது வந்தது? 1897 ஜூலையில். 14-ஆம் தேதி ஒரு கப்பல் சான் பிரான்சிஸ்கோவில், 17-ஆம் தேதி இன்னொன்று சியாட்டிலில். தாடிக்காரர்கள் தோல் பையிலும் ஜாம் பாட்டிலிலும் தங்கத்தைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். ‘ஒரு டன் தங்கம்’ என்று பத்திரிகை போட்டது. ஆக, விருந்து முடிந்து இலை எடுத்து ஆறு மாதத்துக்கும் மேல் ஆன பிறகு உங்களுக்கு அழைப்பிதழ் வந்தது.

உடனே கிளம்புங்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள் என்று கணக்கு. அதில் கிளாண்டைக் போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம். தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் சுமார் 4,000. பெரும் பணக்காரர் ஆனவர்கள் சில நூறு. நீங்கள் அந்தச் சில நூறில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற 99,000 பேரின் வழிகாட்டிகளும் இதையேதான் சொன்னார்கள்.

படி 4: கடையில் செலவழியுங்கள்

கனடா எல்லையில் குதிரைப் போலீஸ் ஒரு விதி போட்டிருக்கிறது. ஒரு வருஷத்துச் சாப்பாடு கையில் இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. மாவு, பன்றி இறைச்சி, பீன்ஸ், சர்க்கரை, அதோடு கூடாரம், ரம்பம், மண்வெட்டி, ஆணி, அடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு டன் வரும். நியாயமான விதி, அது இல்லாவிட்டால் பலர் பட்டினியில் போயிருப்பார்கள். சியாட்டில் கடைக்காரர்கள் அந்த விதியைக் கட்டி அணைத்துக்கொண்டார்கள். கடன் வாங்குங்கள், தங்கையின் கல்யாணப் பணத்தைக் கேளுங்கள், வாங்குகிற பொருள் எதன் முன்னாலும் ‘கிளாண்டைக்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் விலை கூட, ஆகவே தரமும் கூட.

கிளம்பும் முன் புது மண்வெட்டியோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியில் மண் படுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

படி 5: ஸ்காக்வேயில் தந்தி கொடுங்கள்

அலாஸ்காவில் ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கியதும் வீட்டு ஞாபகம் வரும். அங்கே ஒரு தந்தி ஆபீஸ் இருக்கிறது. ஐந்து டாலர் கொடுத்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் சேதி அனுப்புவார்கள். ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்று எழுதிக் கொடுங்கள். குமாஸ்தா வாங்கிப் படித்து, கருவியைத் தட்டுவார். வியக்கத்தக்க வேகத்தில் பதிலும் வந்துவிடும். வீட்டில் கஷ்டம், பணம் அனுப்பு என்று இருக்கும். அனுப்புங்கள், அதே ஆபீஸ் வழியாக.

அந்த ஆபீஸின் கம்பி சுவரைத் தாண்டிச் சில அடி போய் நின்றுவிடும் என்பதைப் பின்னால் தெரிந்துகொள்வீர்கள். அப்போது ஸ்காக்வேக்குத் தந்தி இணைப்பே கிடையாது. நடத்தியவர் சோப்பி ஸ்மித், ஊரையே கைக்குள் வைத்திருந்த மோசடி மன்னன். 1898 ஜூலையில் துப்பாக்கிச் சண்டையில் செத்தார். எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை உண்டு. தூரத்தில் இருக்கிறவனுக்கு வீட்டிலிருந்து என்ன பதில் வரும் என்பதைக் கம்பியே இல்லாமல் கண்டுபிடித்திருந்தார்.

அங்கிருந்து வெள்ளைக் கணவாய் வழியாகப் போவதானால் குதிரை வாங்குங்கள். கிழட்டுக் குதிரையாக, இதுவரை சுமையே தூக்காததாக. அந்தப் பாதையில் சுமார் 3,000 குதிரைகள் செத்தன. சேற்றிலும் பாறையிலும் விழுந்தவற்றின் மேலேயே பின்னால் வந்தவை நடந்தன. ‘செத்த குதிரைப் பாதை’ என்று பெயர் வந்துவிட்டது. உங்கள் குதிரையும் விழுந்ததும் பக்கத்துப் பாதைக்கு மாறுங்கள்.

படி 6: ஏறுங்கள், இறங்குங்கள், ஏறுங்கள்

பக்கத்துப் பாதை சில்கூட் கணவாய். கடைசி ஏற்றத்தில் குதிரை நிற்காது. பனியில் வெட்டிய 1500 படிகள். ‘தங்கப் படிக்கட்டு’ என்பார்கள். படி வெட்டியவர்கள் தோண்டப் போகவில்லை. அங்கேயே நின்று ஏறுகிறவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள். பேசாமல் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இந்த மாதிரி ஆட்களைக் கூர்ந்து கவனிப்பதுதான் தங்கவேட்டையில் முதல் ஆபத்து.

இனிக் கணக்கு. உங்கள் சாமான் ஒரு டன். முதுகில் ஒரு தடவைக்கு 25, 30 கிலோ. அப்படியானால் முப்பது, நாற்பது நடை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி, அவர் விட்ட மூச்சை வாங்கியபடி, ஒற்றை வரிசையில் ஏற வேண்டும். மூச்சு வாங்க ஒதுங்கி நின்றால் போச்சு. மறுபடி வரிசைக்குள் நுழைய இடம் கிடைக்க மணிக்கணக்காகும். உச்சியில் மூட்டையை இறக்கி, பனியில் ஒரு கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பனிச் சரிவில் உட்கார்ந்து வழுக்கியபடியே கீழே வாருங்கள். ஏற ஒரு அரை நாள், இறங்கச் சில நிமிஷம். கால்சட்டையின் பின்பக்கம் கிழியும். இந்தப் பயணம் முழுவதிலும் இலவசமாகக் கிடைக்கும் ஒரே சுகம் இதுதான். அதையும் இரண்டு நடைக்கு மேல் ரசிக்க முடியாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழி. இங்கே சுமைகூலி நீங்களே உங்களுக்குக் கொடுக்க வேண்டியது என்பதால் மிச்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

1898 ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு. புதுப் பனி கனத்துக் கிடக்கிறது, வேண்டாம் என்று அந்த ஊர்ச் சுமையாட்கள் விலகிக்கொண்டார்கள். மற்றவர்கள் போனார்கள். பனிச்சரிவில் அறுபதுக்கு மேல் செத்தார்கள். சில நாளில் வரிசை மறுபடி நகரத் தொடங்கியது.

படி 7: நண்பரைத் தொலைத்துவிடுங்கள்

மலை தாண்டினால் பென்னட் ஏரி. இனி தங்க ஓடைகளுக்குப் பக்கத்து டாசன் நகரம் வரை 800 கிலோமீட்டர் நீர்வழி. படகை நீங்களேதான் செய்ய வேண்டும். மரத்தை உயரத்தில் ஏற்றி வைத்து, ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று நீள ரம்பம் இழுப்பது முறை. கீழே இருப்பவர் கண்ணில் மரத்தூள் கொட்டும். மேலே இருப்பவர் வேண்டுமென்றே கொட்டுகிறார் என்று அவருக்குத் தோன்றும். மேலே இருப்பவருக்கோ கீழே இருப்பவர் ரம்பத்தில் தொங்குகிறார் என்று தோன்றும். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே ஊரில் பிறந்து, ஒரே கப்பலில் வந்தவர்கள் மூன்றாம் நாள் சாமானைப் பங்கு பிரித்தார்கள். மாவு மூட்டையை நடுவில் அறுத்துக்கொண்டு போன கூட்டாளிகளின் கதையும் உண்டு. பாதி மூட்டை யாருக்கும் உதவாது என்பதால் அந்தப் பங்கீடு மிகவும் நியாயமானது.

மே 29-இல் ஏரிப் பனி உடைந்தது. 7,000-க்கு மேற்பட்ட படகுகள் கிளம்பின, சவப்பெட்டி மாதிரி இருந்தவை உட்பட. வொயிட்ஹார்ஸ் நீர்ச்சரிவில் முதல் சில நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவை உடைந்தன. குதிரைப் போலீஸ் அதிகாரி சாம் ஸ்டீல் வந்து, தேர்ந்த படகோட்டி இல்லாமல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். நீங்கள் உத்தரவுக்கு முந்திப் போய்விடுங்கள்.

படி 8: வந்த இடத்தில் எதையும் விசாரிக்காதீர்கள்

டாசன் வந்துவிட்டது. ஓடைகளில் இடம் இல்லை என்பதை இங்கேதான் சொல்வார்கள். தெருவில் உங்களைப் போலவே ஆயிரக்கணக்கானவர்கள் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பார்கள். கலந்துகொள்ளுங்கள்.

குன்றின் மேல் தோண்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் சிரியுங்கள். தங்கம் ஓடையில்தான் இருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். அவர்கள் சிரித்த குன்றில் விவரம் தெரியாத புது ஆட்கள் தோண்டி வாரினார்கள். ‘சீச்சாக்கோ குன்று’, அதாவது கற்றுக்குட்டிக் குன்று, என்று அதற்குப் பெயர். சார்லி ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரரை முழுபோதையில் இருக்கும்போது மடக்கி, எதுவும் இல்லை என்று நம்பிய ஒரு துண்டை 800 டாலருக்குத் தலையில் கட்டினார்கள். காலையில் போதை தெளிந்து, பணத்தைத் திருப்பித் தரும்படி போலீஸிடம் போனார். கையெழுத்துப் போட்டாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்தத் துண்டு சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது குடிப்பதை மட்டும். பலர் அப்படித்தான் கற்றார்கள்.

கிளாண்டைக் ஆறு யூகான் ஆற்றில் கலக்கும் முனையில் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டாம். அது ட்ரான்டெக் ஹ்வெச்சின் மக்கள் சால்மன் மீன் பிடித்து உலர்த்திய இடம். கூட்டம் வந்து குவிந்ததும் அவர்களின் தலைவர் ஐசக், மக்களை ஆற்றோடு சில கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துப்போனார். எங்கே மறந்துபோகுமோ என்று தங்கள் பாட்டுகளையும் ஆட்டங்களையும் அலாஸ்காப் பக்கத்துச் சொந்தங்களிடம் ஒப்படைத்து வைத்தார்கள். குத்தகை நிலத்திலிருந்து துரத்தப்படுவது என்றால் என்னவென்று உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆகவேதான் கேட்க வேண்டாம் என்கிறேன்.

படி 9: அடுத்தவர் மண்ணைத் தோண்டுங்கள்

சொந்த இடம் இல்லாவிட்டால் என்ன? வாரத்துக்கு எடுங்கள், பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு. இல்லையென்றால் கூலிக்குப் போங்கள். நாளுக்கு 15 டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள். கேட்க இனிக்கும். ஒரு முட்டை ஒரு டாலர் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பூமி உறைந்து இரும்பாகக் கிடக்கும். ராத்திரி விறகு அடுக்கி நெருப்பு மூட்டினால் காலைக்குள் ஓர் அடி மண் இளகும். புகை அடங்குவதற்குள் குழிக்குள் இறங்கி அதை வெட்டுங்கள். மறுபடி நெருப்பு. இப்படிப் பத்து, இருபது அடி இறங்கினால் அடிப்பாறை. தங்கம் அதன் மேல் படிந்திருக்கும், இருந்தால். மேலே குளிர் சில நாள் மைனஸ் ஐம்பது. வெட்டிய மண்ணைக் குளிர்காலம் முழுக்கக் குவித்து வைத்துவிட்டு, வசந்தத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் மரவாய்க்காலில் கொட்டி அலச வேண்டும். குவியல் உங்களைப் பணக்காரர் ஆக்கியதா, வெறும் மண்ணா என்பது அன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும். ஏழு மாதம் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே தூங்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

படி 10: பெலிண்டா மல்ரூனியைப் பார்க்காதீர்கள்

பார்த்தால் இதுவரை கற்ற எல்லாம் வீணாகிவிடும். ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்தவர், உங்கள் நாட்டுப் பெண். 1897-இல் இருபத்தைந்து வயதில் கணவாய் தாண்டினார். மூட்டையில் மண்வெட்டி இல்லை. துணி, பட்டு உள்ளாடை, வெந்நீர்ப் பை. 5,000 டாலர் சரக்கை ஆறு மடங்குக்கு விற்றார். டாசனில் இறங்கியதும் கையில் மிச்சமிருந்த கடைசிக் காசை ஆற்றில் வீசினார். இனிச் சில்லறை தேவைப்படாதாம். ஊர் முழுக்க நகரத்தில் கடை போட, அவர் ஓடைகள் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் கட்டினார். அதன் தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட விடாமல் அலசித் தங்கம் எடுத்தார். உங்கள் பையிலிருந்து சிந்தியதுதான்.

ஆனால் கடைசியில் அவரும் நம் வழிக்கு வந்தார் என்பதில் எனக்கு ஆறுதல். 1900-இல் பிரெஞ்சுப் பிரபு என்று சொல்லிக்கொண்ட ஒரு ஷாம்பெயின் வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். மொன்றியலில் முடிவெட்டியவர் என்று ஊர் பேசியது. 1906-இல் விவாகரத்து.

படி 11: எடையைச் சரிபார்க்காதீர்கள்

சாராயக்கடையில் விலை, பையிலிருந்து ஒரு சிட்டிகை பொடித்தங்கம். சிட்டிகை எடுப்பது கடைக்காரர். அவருக்கு நீளமான நகம் இருக்கும், விரலை அடிக்கடி ஈரம் செய்துகொள்வார், தலையை அடிக்கடி கோதுவார். எண்ணெய் தடவிய தலை. ராத்திரி கடை மூடியபின் அவர் தலை குளிக்கும் தண்ணீரைக் கீழே ஊற்றமாட்டார். நடன மண்டபத்தில் ஓர் ஆட்டம் ஒரு டாலர்; பாட்டு சீக்கிரமே முடிந்துவிடும். அடுத்த ஆட்டமாவது நீளும் என்று நம்புங்கள்.

படி 12: மிக்கியை இங்கே விட்டுவிடுங்கள்

சொன்னேன் அல்லவா, கை காட்டுகிறேன் என்று. இதுதான் இடம். மிக்கி கிளாண்டைக்கில் 1898 முதல் சில வருஷம் பாடுபட்டார், சம்பாதித்ததைச் சேர்த்தார், 1902-இல் ஊருக்குத் திரும்பினார். வீடு, நிலம் வாங்கினார், கல்யாணம் செய்துகொண்டார், 1948-இல் தன் ஊரிலேயே செத்தார். முதுமையில் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொன்ன கதை 1959-இல் ஐரிஷ் மொழியில் புத்தகமானது. ‘வாழ்க்கையின் பெருஞ்சக்கரம்’ என்ற பொருளில் தலைப்பு. போதும் என்று எந்த நாளில் முடிவு செய்தார் என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள். அந்த யோசனை தொற்றுநோய்.

படி 13: வீட்டுக்குக் கடிதம் எழுதுங்கள்

இனி உங்களுக்கு நேரம் குறைவு. அலாஸ்கா ஓரத்தில் நோம் என்ற இடத்தில் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடக்கிறதாம். 1899 ஆகஸ்டில் ஒரே வாரத்தில் டாசனிலிருந்து 8,000 பேர் கிளம்பிவிட்டார்கள். இந்த முறையும் அழைப்பிதழ் சரியான நேரத்துக்கு, அதாவது மற்றவர்கள் போன பிறகு, வந்திருக்கிறது.

கிளம்பும் முன் அம்மாவுக்கு எழுதிவிடுங்கள். நலம் என்று எழுதுங்கள். கூலி நாளுக்கு 15 டாலர் என்று எழுதுங்கள், முட்டை விலையை விட்டுவிடுங்கள். சியாட்டிலில் எடுத்த புகைப்படத்தை உள்ளே வையுங்கள். தம்பிக்கு வயது வந்திருந்தால் அவனையும் அனுப்பி வையுங்கள் என்று கடைசியில் ஒரு வரி. முகவரி மட்டும் எழுத வேண்டாம். கடிதம் ஊர் போய்ச் சேரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.